உன் தம்பி மாப்பிள்ளைத் தோழனான கதை

அன்புள்ள தர்சி,

விசுவமடுவில் பஸ் ஏறினால் கண் அயர்வதற்குள் கிளிநொச்சி வந்துவிடும். அந்தத் தூரத்துக்குக் கடிதம் எழுதுகிற தாய் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். போன் இருக்கிறதே என்பாய். இருக்கிறதுதான். ஆனால் போனில் நான் வாயைத் திறந்தவுடனே, "அம்மா, சுருக்கிச் சொல்லுங்கோ, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகுது" என்கிறாய். உன்னைப் படிப்பித்து ஆசிரியை ஆக்கியது என்னை அடக்குவதற்காக அல்ல. கடிதத்தில் அந்த வசதி உனக்கு இல்லை. நான் நிறுத்துகிற இடத்தில்தான் நீயும் நிறுத்தலாம். அத்தோடு இதை நீ மட்டும் வாசிக்கப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். உன் மாமி வாசிப்பா, உன் மனுசன் சுதாகர் வாசிப்பார், உன்னோடு படிப்பிக்கிற ரீச்சர்மார் தேத்தண்ணி குடித்துக்கொண்டு வாசிப்பினம். ஆகவே உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலில் இருந்தே சொல்லப் போகிறேன். பொறுத்துக்கொள்.

விசயம் இதுதான். போன கிழமை உன் கலியாண வீடியோ வந்தது. மாப்பிள்ளை வந்து இறங்குகிற இடத்தைப் பார்ப்பதற்காக நானும் அப்பாவும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தோம். அந்த இடம் வந்தது. வந்தது என்றால், என்னுடைய முதுகு வந்தது. மண்டப வாசலில் நடந்த அவ்வளவையும் மறைத்துக்கொண்டு, பச்சைச் சேலையில், தொலைக்காட்சியின் இந்தக் கரையில் இருந்து அந்தக் கரை வரைக்கும் என் முதுகு. என் சாறிச் சட்டையின் பின்பக்கம் மயில் வேலைப்பாடு தைத்தபோது, "ஆர் பாக்கப் போகினம்" என்று நீ கேட்டாய் அல்லவா? இனி உன் பேரப்பிள்ளைகளும் பார்ப்பார்கள். நீயோ அந்த நேரம் உள் அறையில் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு இருந்தாய். மேளம் நடுவில் நின்றது உனக்குக் கேட்டிருக்கும். பிறகு சனம் சிரித்ததும் கேட்டிருக்கும். என்ன நடந்தது என்று அன்றைக்கே கேட்டாய், ஆளுக்கொரு கதை சொன்னார்கள். நேரில் பார்த்தவர்களிலும் முன்னுக்கு நின்றவள் நான். மறைத்த குற்றத்துக்குத் தண்டனையாக நானே எழுதித் தருகிறேன்.

உன் தம்பி நிருஜன் பிறந்தபோது நாங்கள் மீள்குடியேறி, தகரக் கொட்டிலில் இருந்தோம். வெயிலில் அது அடுப்பு, மழையில் அது பறை. மழை தகரத்தில் விழத் தொடங்கினால் அவன் வீரிட்டு அழுவான். பசி என்று பால் கொடுத்தேன், வயிற்றுக்குத்து என்று ஓமம் கொடுத்தேன், கண்ணூறு என்று மிளகாய் சுற்றிப் போட்டேன். மிளகாய்ப் புகையில் நாங்கள் மூன்று பேரும் இருமினோம், அவன் இன்னும் கூட அழுதான். நீ அப்போது சின்னப் பிள்ளை. ஒருநாள் மழைக்கு நடுவில் அவனுக்குப் பக்கத்தில் குந்தி, உன் இரண்டு உள்ளங்கைகளையும் அவன் காதில் பொத்தினாய். நின்றுவிட்டது. பிறகு ஒவ்வொரு மழைக்கும் நீ ஓடி வருவாய். அவனுக்குக் காதுதான் நோகிறது என்று எந்த டொக்டருக்கும் முதல் கண்டுபிடித்தவள் நீ. அதற்கு உனக்கு ஒரு சான்றிதழும் தரவில்லை. அந்த மாரியில் உன் கை மரத்துப் போகும், "அம்மா, கொஞ்சம் மாறிப் பிடியுங்கோ" என்பாய். நான் உலையை இறக்கிப்போட்டு வந்து பிடிப்பேன்.

பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, சட்டையின் தையல் உடம்பில் பட்டால் கழற்றி எறிகிறான் என்று கொண்டு திரிந்து, கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் அம்மா 'ஆட்டிசம்' என்று சொன்னா. அப்பா மிகவும் மரியாதையாக, "எத்தினை நாளைக்கு மருந்து எடுக்கோணும் டொக்டர்?" என்று கேட்டார். இது காய்ச்சல் இல்லை, அவன் இப்படித்தான் இருப்பான், நீங்கள்தான் அவனைப் படிக்க வேண்டும் என்றா. வீட்டுக்கு வந்த பிறகு நாங்கள் படித்தது ஒருவரை ஒருவர்தான். "உங்கட பரம்பரையில உந்தப் பிடிவாதம் இருக்கு" என்பேன் நான். "உன்ர கொப்பர் ஆரோடயும் முகம் குடுத்துக் கதைச்சவரோ?" என்பார் அவர். இரண்டு பக்கத்துச் செத்தவர்களையும் எழுப்பி விசாரித்தோம். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்துப் பொங்கலுக்குக் கொண்டு போனோம். அந்தச் சனத்தையும் சத்தத்தையும் பார்த்து அவன் உழவு இயந்திரப் பெட்டிக்குக் கீழே போய்ப் படுத்தவன்தான். நீயும் புதுப் பாவாடையோடு அவனுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்தாய். நான் பானையில் பால் பொங்குவதைப் பார்க்காமல், நான்கு சிறு கால்கள் பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருப்பதைத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அப்பா வாயை மூடிக்கொண்டார். விடிந்தால் வயல், பொழுதுபட்டால் வயல். நெல்லுக்குக் கூட அவ்வளவு காவல் தேவையில்லை. நான் அதற்கும் சேர்த்துக் கத்தினேன். நான் தைக்கிற சாறிச் சட்டைக்கு அளவு கொடுக்க வருகிற பெண்களிடம் நாடாவைப் பிடித்துக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் கதைப்பேன், என் கதையை மட்டும் கதைக்க மாட்டேன். ஆனால் ஊருக்கு நாங்கள் சொல்லியா தெரிய வேண்டும்? ஒரு கலியாணமோ செத்த வீடோ வந்தால் ஒருவர் போக ஒருவர் நிருவோடு நிற்போம். இதைப் பார்த்துப் பார்த்து, நானும் உன் அப்பாவும் பிரிந்துவிட்டோம் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது உனக்குத் தெரியுமா? சட்டைக்கு அளவு கொடுக்க வந்த ஒருத்தி, "அக்கா, அவர் வயல் கொட்டிலிலதானாம் சாப்பாடும்?" என்று மெல்லமாகக் கேட்டாள். நான் அவளுடைய இடுப்பளவில் கொஞ்சம் குறைத்து எழுதி என் பழியைத் தீர்த்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேரும் முறைக்காவல் மாறுகிறவர்கள் மாதிரித்தான் இருந்தோம். நான் வரும்போது அவர் போவார், அவர் வரும்போது நான் போவேன். இரண்டு பேரும் ஒன்றாகப் போன முதல் கலியாணம் உன்னுடையதுதான். அதற்கும் போகாமல் விடமுடியாது என்பதனால் போனோம்.

அவனுக்குத் தண்ணீர்ப் பைத்தியம் என்பது இந்த ஊர் அறிந்தது. செம்பு ஒன்று கையில் கிடைத்தால் போதும், அள்ளுவதும் ஊற்றுவதும் ஒளியைப் பார்ப்பதுமாகப் பொழுது போகும். கிணற்றடியில் அவன் நின்றால் அங்கே ஒரு சிறு குளம் பிறக்கும். ஒருமுறை வாய்க்கால் மண்கட்டு ஒன்றை வெட்டிவிட்டு, எங்களுக்கு வரவேண்டிய தண்ணீரை முழுவதும் பக்கத்துக் காணி மிளகாய்த் தோட்டத்துக்குள் திருப்பிவிட்டான். அந்தக் காணிக்கார அண்ணை மண்வெட்டியோடு வந்து நின்று, "தங்கச்சி, உன்ர பெடியன் என்ர மிளகாய்க்கு நீச்சல் பழக்கிறான்!" என்று கத்தினார். அப்பா கெஞ்சி மன்றாடி அனுப்பினார். பிறகு நிருவை அடிக்கக் கை ஓங்கினவர், நீ நடுவில் வந்து நின்றதனால் விட்டார். அடுத்த நாள் நீதான் அவனைக் கூட்டிக்கொண்டு போய், எந்தக் கட்டைத் திறக்கலாம் எதைத் தொடக்கூடாது என்று வரம்பு வரம்பாகக் காட்டினாய். ஒரு தடவை இல்லை, ஒரு போகம் முழுக்கக் காட்டினாய். இப்போது எங்கள் வயலுக்குத் தண்ணீர் கட்டுவது அவன்தான். ஒரு பாத்தி கூட நனையாமல் விடமாட்டான். அந்த மிளகாய் அண்ணையும் இப்போது அவனைத்தான் கூப்பிடுகிறார். கூப்பிடும்போது முகத்தைப் பார்த்தால், அந்த வெள்ளம் நடக்கவே இல்லை என்பது மாதிரி இருக்கும்.

இந்த நிலைமையில்தான் நீ சுதாகரைக் கூட்டிக்கொண்டு வந்தாய். பெரியம்மா வவுனியாவில் இருந்து அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கினா. என் சொந்த அக்கா என்பதால் சொல்கிறேன், அவாவுக்கு ஒரு கலியாணம் குழம்பாமல் நடந்தால் சாப்பாடு செமிக்காது. முதலில், "அவையள் மலையகத்தில இருந்து வந்த ஆக்களாமே" என்று தொடங்கினா. "அக்கா, இஞ்ச காடு வெட்டி வயலாக்கினதில அவையின்ர கை படாத காணி ஒண்டைக் காட்டு பாப்பம்" என்றேன். அது எடுபடவில்லை என்றதும் உண்மையான விசயத்துக்கு வந்தா. மாப்பிள்ளைத் தோழன் ஆர்? பெண்ணின் சகோதரன் வாசலில் நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவி, மாப்பிள்ளை போடுகிற மோதிரத்தை வாங்கி, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். "நிருவை விடப் போறியோ? சபை நடுவில சட்டையைக் கழட்டினான் எண்டால்? மேளத்துக்குக் கத்தினான் எண்டால்? என்ர மகன் கஜன் இருக்கிறான், அண்ணன் முறை. நிருவுக்கு வீட்டில ஒரு ஆளை வைச்சு விடு. அவனுக்கும் அதுதான் நல்லம்." கடைசி வசனத்தை அவா குரலைத் தாழ்த்தித்தான் சொன்னா. அதனால்தான் எனக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. அவா சொன்ன ஒவ்வொன்றும் நடக்கக்கூடியது.

நீ குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டு இருந்தாய். "பெரியம்மா, கால் கழுவுறது தண்ணி வேலை. இந்த ஊரில அவனை விட அதை ஆர் வடிவாச் செய்வினம்?" என்றாய்.  நீ விடவில்லை. "அவன் நிக்காட்டி நான் மணவறைக்கு வர மாட்டன். வீட்டில இருக்கிறதெண்டால் ரெண்டு பேரும் வீட்டில இருக்கிறம்." அப்பா வயலுக்குப் போக எடுத்த சைக்கிளைத் திரும்பவும் சுவரோடு சாத்தினார். எங்கள் வீட்டில் அது ஒரு பெரிய தீர்மானம் நிறைவேறியதற்கு அடையாளம்.

நீ வார நாட்களில் கிளிநொச்சியில் தங்கிப் படிப்பித்ததனால், பழக்குகிற வேலை எங்கள் தலையில் விழுந்தது. நீ அழகாகப் படம் கீறித் தந்தாய். மாப்பிள்ளை பலகையில் நிற்கிறார், நிரு தண்ணீர் ஊற்றுகிறான், நிரு கையைப் பிடிக்கிறான். அதைக் குசினிச் சுவரில் ஒட்டினேன். ஆனால் படத்தை மட்டும் பார்த்து அவன் பழக மாட்டான், ஒரு மாப்பிள்ளை வேண்டும். இருக்கிறது ஒரே ஒரு ஆம்பிளை. "இஞ்சேருங்கோ, பலகையில ஏறுங்கோ" என்றேன். இந்த அற்புதமான யோசனை முழுக்க முழுக்க என்னுடையது என்பதைக் குறித்துக்கொள், பின்னுக்குத் தேவைப்படும். பின்னேரம் வயலால் வந்தவுடன் அப்பா சேற்றுக் காலோடு முற்றத்துப் பலகையில் ஏறுவார், நிரு செம்போடு வருவான். முதல் நாள் தண்ணீர் பட்டதும் உன் அப்பா துள்ளிக் கீழே குதித்துவிட்டார். அவருக்குப் பாதத்தில் கூச்சம்! இவ்வளவு காலம் குடும்பம் நடத்தியும் எனக்கு இது தெரியாது. நிரு விரல் இடுக்கெல்லாம் விட்டுத் தேய்க்கிறவன். அவர் பல்லைக் கடிப்பார், வானத்தைப் பார்ப்பார், முருகனைக் கூப்பிடுவார், கடைசியில் சிரித்துவிடுவார். அவர் சிரித்தால் நிருவும் சிரிப்பான். அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அக்கா, அண்ணைக்கு என்ன?" என்றாள். "ஒண்டுமில்லை, மாப்பிள்ளை ஆகிட்டார்" என்றேன். நாங்கள் பிரிந்துவிட்டோம் என்ற கதை அன்றைக்கு முடிந்து, வேறு கதை தொடங்கியிருக்கும்.

நிருவின் வேட்டிக்கும் ஒரு வேலை பார்த்தேன். சரிகைக் கரை காலில் சுரண்டும் என்பதால் உள்பக்கம் பழைய பருத்தித் துணி வைத்துத் தைத்து, சட்டையின் தையல் எல்லாவற்றையும் வெளியே வருகிற மாதிரித் திருப்பி, மேலே பட்டு நாடா ஓட்டினேன். கலியாணத்தில் இரண்டு பேர் அது புது மோஸ்தர் என்று நினைத்து, தங்கள் மகன்மாருக்கும் அப்படித் தைக்கக் கேட்டிருக்கிறார்கள். நான் கூலியைக் கூட்டிச் சொன்னேன்.

இனி வாசல். கார் வந்து நின்றது, மேளம் முழங்கியது. நிரு என் பக்கத்தில் செம்போடு நின்றான். அவனுடைய தோள் காது வரைக்கும் உயர்ந்தது. எனக்குத் தெரியும், அது உயர்ந்தால் அடுத்தது ஓட்டம். அதற்குள் சுதாகர் காருக்குள் இருந்தபடியே மேளம் வாசிக்கிறவர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். நாதஸ்வரக்காரர் ஊதிக்கொண்டிருந்ததை வாயில் இருந்து எடுத்தார். தவில் நின்றது. நீயும் அவரும் முதலே பேசி வைத்திருந்தீர்களாம், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கலியாண வாசலில் மேளம் நின்றால் சனம் சும்மா இருக்குமா? என்ன, ஏது, மாப்பிள்ளை மாட்டன் எண்டிட்டாரோ என்று நாலா பக்கத்தாலும் நெருக்கியது. மண்டபத்துக்குள் இருந்த சனமும் வெளியே வந்தது. எனக்குப் பின்னால் பெரியம்மா, அவாவுக்குப் பின்னால் கஜன். அவனும் வேட்டி சால்வையோடு, தேவைப்பட்டால் பாய்வதற்கு ஆயத்தமாக! சாப்பாடு மிஞ்சும் என்று பாத்திரத்தோடு வருகிறவர்கள் மாதிரி அவா மகனையே கொண்டு வந்திருந்தா. சனம் நிருவின் முதுகில் முட்டியது. நான் சேலையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்கிறேன், எனக்கு முதல் அவன் திறந்தான். "பின்னுக்குப் போங்கோ! பின்னுக்குப் போங்கோ! இடம் கிடக்குதுதானே, பின்னுக்குப் போங்கோ!" முல்லைத்தீவு பஸ் கண்டக்டரின் குரல் அப்படியே. அவன் பஸ்ஸில் கேட்டதை வீட்டில் சொல்லித் திரியும்போது, "வாயை மூடடா" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். சனம் பின்னுக்குப் போனது! ஐயர் கூட ஓர் அடி தள்ளி நின்றார்.

சுதாகர் வந்து பலகையில் ஏறினார். நிரு அவருடைய காலைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், தண்ணீரை ஊற்றவில்லை. "ஊத்து ராசா" என்றேன். இல்லை. "அப்பா" என்றான். நான், "ஓம், அப்பா இஞ்ச நிக்கிறார், நீ ஊத்து" என்றேன். "அப்பா" என்று இன்னும் பலமாகச் சொல்லிக்கொண்டு, சுதாகரின் சால்வையைப் பிடித்து மெல்லமாகப் பலகையால் இறக்கினான். மாப்பிள்ளையை! அப்போதுதான் எனக்கு விளங்கியது. பலகையில் நிற்கிறவர் அப்பா. அப்படித்தான் நான் பழக்கினேன். பின்னேரத்துக்குப் பின்னேரம் அப்பாவின் காலைக் கழுவியவனுக்கு, இது ஆர் புதிதாக ஒரு கால்? என் அற்புதமான யோசனை சபை நடுவில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தது. பின்னால் பெரியம்மா, "நான் அப்பவே சொன்னனான், கஜன், முன்னுக்கு வா" என்றா. கஜன் ஓர் அடி வைத்தான்.  இவ்வளவும் பழகி, வேட்டி தைத்து, மேளத்தை நிறுத்தி, கடைசியில் அவனைத் தள்ளிவைத்துவிட்டு இன்னொருவன் செம்பை வாங்கப் போகிறான் என்று நினைத்தேன்.

அப்போது உன் மாமி முன்னுக்கு வந்தா. அவ்வளவு சனத்துக்குள்ளும் ஆரையும் கேட்காமல், கேட்கத் தேவையும் இல்லாமல், "மொதல்ல அவங்க அப்பா காலைக் கழுவட்டுங்க. எங்க புள்ளையோட காலு எங்கயும் ஓடிப் போகாது" என்றா. பிறகு அப்பாவைப் பார்த்து, "ஏறுங்கண்ணே" என்றா. உன் அப்பா என்னைப் பார்த்தார். இந்த மனுசன் ஆயுளில் ஒரு சபையில் முன்னுக்கு வந்தவர் இல்லை. "ஏறுங்கோ" என்றேன். பட்டு வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். நிரு குந்தி, செம்பைச் சரித்து, ஒரு சொட்டு வெளியே போகாமல் தாம்பாளத்துக்குள் விழும்படி ஊற்றினான். விரல் இடுக்கில் விரலை விட்டான். அப்பா பல்லைக் கடித்தார், வானத்தைப் பார்த்தார், "முருகா" என்றார். பிறகு உன் அப்பா, மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஊருக்கும் ஐயருக்கும் முன்னால், வாய் விட்டுச் சிரித்தார். நீ உள் அறையில் கேட்ட சிரிப்பு அதுதான், பிள்ளை. அது சனத்தின் சிரிப்பு இல்லை. முதல் சிரித்தவர் அவர், சனம் பிறகுதான் சேர்ந்தது. நீ பிறந்த வீட்டில் இருந்து உன்னை அனுப்புகிற அன்று, அந்த வீட்டு மனுசன் அப்படிச் சிரித்தார்.

நிரு எழுந்து, அப்பாவை இறக்கி, சுதாகரின் சால்வையை இழுத்துத் தானே பலகையில் ஏற்றினான். அடுத்த கால்! அதையும் அதே கவனத்தோடு கழுவினான். முடிந்ததும் "முடிஞ்சுது" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். இனி மோதிரம். அவன் விரலில் நூல் கூடக் கட்டவிட மாட்டான். நான் அதைச் சுதாகரிடம் சொல்ல மறந்ததை நினைத்துப் பதைத்துக்கொண்டிருக்க, மாப்பிள்ளை மோதிரத்தை எடுத்து, நிருவின் விரலைத் தேடாமல், அவன் கையில் இருந்த செம்புத் தண்ணீருக்குள் மெல்லமாகப் போட்டார். நிரு உள்ளே எட்டிப் பார்த்தான். தண்ணீருக்கு அடியில் மினுங்கியது. செம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரித்துப் பார்த்து அவன் சிரித்த சிரிப்பை என் முதுகு மறைத்துவிட்டதே என்றுதான் எனக்கு இப்போதும் மனம் ஆறவில்லை. தர்சி சொல்லித் தந்தவளோ என்று சுதாகரிடம் கேட்டேன். "இல்லை மாமி, தண்ணிக்குள்ள போட்டால் பிடிக்கும் எண்டு நினைச்சன்" என்றார். மகளே, நீ ஆளைப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறாய். பிறகு நிரு ஒரு கையில் செம்பு, மறு கையில் மாப்பிள்ளையின் சால்வைத் தலைப்பு என்று, மணவறை வரைக்கும் சனத்தைப் பின்னுக்குப் போகச் சொல்லிக்கொண்டே கூட்டிப் போனான். கஜன்தான் முதல் கை தட்டினான். அவனையும் சொல்ல வேண்டும், நல்ல பெடியன்.

இன்னொன்று உனக்கு நிச்சயமாகத் தெரியாது. தாலி கட்டுகிற நேரம் கெட்டிமேளம் வரும், அதை நிறுத்த முடியாது. நானும் அப்பாவும் மணவறையில், எழும்ப இயலாது. நிருவை ஆர் பார்ப்பது என்று நான் கண்ணால் தேட, அவனுடைய இடம் வெறுமையாக இருந்தது. எட்டிப் பின் வாசல் பக்கம் பார்த்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டு இருந்தாய், அதனால் காணவில்லை. மண்டபத்துப் பின் வாசலுக்கு வெளியே, தண்ணீர்க் குழாயடியில், அவன் செம்போடு குந்தியிருந்தான். அவனுக்குப் பின்னால் உன் பெரியம்மா, அந்தப் பெரிய கரைச் சேலை ஈரத்தில் படப் படக் குந்தி, தன் இரண்டு கைகளாலும் அவன் காதைப் பொத்திக்கொண்டு இருந்தா. ஆரும் சொல்லவில்லை. உன் கலியாணத்துக்கு இரவு பகலாய் உபத்திரவம் தந்த மனுசி, உன் கழுத்தில் தாலி ஏறியதை மட்டும் பார்க்கவில்லை. பிறகு கேட்டேன், "அக்கா, ஏன் வெளியில போனனி?" என்று. "உள்ளுக்கு ஒரே புழுக்கம்" என்றா. நான் எதிர்த்துக் கதைக்காமல் அவாவின் ஈரச் சேலைக் கரையைப் பிழிந்துவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக.

கலியாணத்துக்கு முந்தின கிழமை நீ என்னிடம் ஒன்று கேட்டாய். "அம்மா, எனக்கும் தம்பியைப் போல ஒரு பிள்ளை பிறந்தால்?" என்றாய். நான், "தண்ணி பில் கூடுதலா வரும்" என்று பகிடி விட்டுவிட்டு நழுவினேன். இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன். பிறந்தால் கஷ்டப்படுவாய். கஷ்டம் இல்லை என்று சொல்கிறவர்களை நம்பாதே, அவர்கள் ஒரு மழைக்கும் கை மரக்கப் பொத்தாதவர்கள். நீயும் சுதாகரும் சண்டை பிடிப்பீர்கள். பிடியுங்கள், ஆனால் ஒரே வாசலால் உள்ளுக்கும் வெளிக்கும் மாறி மாறிப் போகிறவர்களாக ஆகிவிடாதீர்கள். ஆள் வேண்டும் என்றால் வெட்கப்படாமல் கூப்பிடு. பெரியம்மாவைக் கூட. நாங்கள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, ஊர் வரவில்லை என்று ஊரைத் திட்டினோம். கதவைத் திறந்து அவனை வாசலில் நிறுத்திய பிறகுதான், அங்கே இத்தனை பேர் ஒதுங்கி இடம் விடக் காத்திருந்தார்கள் என்று கண்டோம். மற்ற ஒரு பிள்ளை உனக்கு இருந்தால், அந்தப் பிள்ளையின் கையும் மரக்கும் என்பதை மறந்துவிடாதே. நேரத்துக்கு மாறிப் பிடி.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மாங்குளத்தில் இருந்து ஒரு பெண் வந்தா. சட்டைக்கு அளவு கொடுக்க என்றா. அளவு கொடுத்து, தேத்தண்ணி குடித்து, போகாமல் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு இருந்தா. எனக்குத் தெரியும், இப்படித் திருகுகிறவர்கள் விசயம் வைத்திருப்பார்கள். "அக்கா, என்ர மகளுக்கு ஆவணியில கலியாணம். கூடப்பிறந்த ஆம்பிளைப் பிள்ளை இல்லை. உங்கட மகளின்ர கலியாணத்துக்கு நானும் வந்தனான். அந்தப் பெடியன்... தோழனுக்கு வருவானோ?" என்றா.  இந்தப் பிள்ளையை எங்கே வைத்துவிட்டு வருவது என்று கலியாணத்துக்குக் கலியாணம் யோசித்த எனக்கு, அவனைத் தரச் சொல்லி ஒருத்தி மாங்குளத்தில் இருந்து பஸ் ஏறி வந்திருக்கிறா! கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவனைத்தான் கேக்கோணும்" என்றேன். கிணற்றடியில் நின்றவனிடம் போய் அவா நேராகவே கேட்டா. அவன் அவாவைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் தண்ணீரை ஊற்றிவிட்டு, "கிணறு இருக்கோ?" என்றான். "இருக்கு ராசா, நல்ல தண்ணி" என்றா. அவன் செம்பை வைத்துவிட்டு வீட்டுக்குள் போனான்.

இப்போது வேட்டி கட்டிச் சால்வையும் போட்டுக்கொண்டு வாசல் படலையடியில் வந்து நிற்கிறான். மாங்குளத்துக்கு பஸ் எங்கே என்று கேட்கிறான். கலியாணம் ஆவணியில் என்று நான் சொன்னால் ஏற்கிறான் இல்லை, அப்பா சொன்னாலும் ஏற்கிறான் இல்லை. கெதியாக ஒருக்கால் போன் எடு பிள்ளை, நீ சொன்னால்தான் கேட்பான்.

படலையைப் பூட்டிக்கொண்டு நிற்கும்,
உன் அம்மா